பெல் ரிப்பேர்

அக்கா வீட்டு அத்தானின் ஆபரேஷனுக்கு நான் போகவில்லை. அந்த வெட்கத்தில்தான், போன மாதம் செண்பகம் அக்கா வந்து மூன்று முறை பெல் அடித்தபோது, கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு போனில், "பெல் ரிப்பேரா இருக்குக்கா, புதுசு வாங்கணும்" என்றேன். மாடிப்படி முழுக்கக் கேட்கிற பெல் அது.

"எதுக்குலே புதுசு? நானே வந்து பாக்கேன்" என்றாள். மிக்சி முதல் டிவி ரிமோட் வரை எல்லாவற்றையும் அவளே கழற்றி மாட்டுவாள். ஒன்றையும் தூக்கிப் போட்டதில்லை.

இன்று வருகிறாள் என்றதும் மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, பெல்லின் ஒயர் ஒன்றை நானே பிடுங்கிவிட்டேன்.

அதே ஸ்டூலில் அவள் ஏறினாள். மூடியைத் திறந்து ஒயர் முனையையே பார்த்தாள். கரியில்லை, துருவில்லை, செம்பு பளபளவென்று இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. முனையை முறுக்கிச் செருகி, திருகாணியை இறுக்கி, மூடியின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ரிப்பேர் முடிந்தால் ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள். இன்றும் சிரித்தாள்.

"வெளிய போயி அடிக்கேன். கேக்குதான்னு சொல்லு."

மெயினைப் போட்டுவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெல் அடித்தது. அன்று நின்ற அதே இடத்தில் நின்றிருந்தேன்.

மறுபடியும் அடித்தது. "கேக்குதாலே?" என்றாள்.

மூன்றாவது முறை அடித்துவிட்டு, அன்றைக்குப் போலவே, பேசாமல் நின்றாள்.