அனுபவக் கடிதம்

“ஆறு வருச அனுபவம் எண்டு விண்ணப்பத்தில எழுதியிருக்கிறீர். அதுக்குக் கடிதம் எங்கை?” பேராசிரியர் சண்முகலிங்கம் விண்ணப்பக் கோப்பை மேசையில் தட்டினார்.

பல்கலைக்கழகத்தில் விசேட கல்வி விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வு அது. துஷ்யந்தி பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

“வெள்ளவத்தையில ஒரு வீட்டில ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் படிப்பிக்கிறன், சேர். தாய் தகப்பன் கடிதம் தரமாட்டம் எண்டிட்டினம்.”

“ஏனாம்?” என்று கேட்டார் பக்கத்தில் இருந்த பேராசிரியை.

“அப்பிடி ஒரு பிள்ளை இருக்கிறதே வெளியில ஆருக்கும் தெரியக்கூடாதாம், மேடம். ஃப்ளாட் வாசல்ல காவலுக்கு நிக்கிற வோச்சரிட்டை என்னை இங்கிலிஷ் டியூஷன் டீச்சர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கினம். வீட்டுக்கு ஆக்கள் வந்தால் எங்கள் ரெண்டு பேரையும் அறைக்குள்ள விட்டுப் பூட்டுவினம்.”

“இந்தக் கதையெல்லாம் இஞ்சை எடுபடாது,” என்று அவசரமாகக் குறுக்கிட்டார் சண்முகலிங்கம். “கடிதம் இல்லாட்டி அனுபவமும் இல்லை. நீர் போகலாம்.”

துஷ்யந்திக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்து மேசையில் அறைந்து வைத்தாள்.

“என்னட்டை இருக்கிற ஒரே அத்தாட்சி இதுதான். பிள்ளை போன கிழமைதான் முதல்முதலாத் தன்ர முழுப்பெயரையும் எழுதினவள்.”

பேராசிரியை தாளைத் தன் பக்கம் இழுத்து, கோணல்மாணலான எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்.

“சண்முகலிங்கம்... தனுஷியா.”

சண்முகலிங்கம் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“இதை அப்பாட்டைக் காட்டச் சொன்னவள், சேர்,” என்றாள் துஷ்யந்தி. “காட்டிப்போட்டன்.”