துருத் திட்டு

பழைய டீசல் எஞ்சின் முழுக்கப் பளபளத்தது, பெரிய சக்கரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு துருத் திட்டைத் தவிர.

"அதை மட்டும் தொடாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது மாமனார் கையில் உப்புத்தாளோடு ஷெட்டில் நின்றார். சக்கரத்தில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

"நாளைக்குக் கண்காட்சிக்குப் போகுது. அரைகுறையா அனுப்பினா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைப் பையை இறக்கி வைத்தேன்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க மாப்ளே. என் பொண்ணு போய் வருஷம்கூட ஆகல. அவ பீரோவைக் காலி பண்ணிட்டீங்க, சுவத்துல இருந்த போட்டோவைக் கழட்டிட்டீங்க. துரு மேல மட்டும் என்ன அவ்வளவு பாசம்?"

"விடுங்க மாமா. எண்ணெய் பூசிடுங்க."

"பூசாம? மெருகு போட்ட இரும்புல எண்ணெய்க்கு முன்னாடி வேர்வைக் கை பட்டா, பட்ட இடமெல்லாம் துருப்பிடிக்கும். இங்கயும் அதான் நடந்திருக்கு. அஞ்சு விரலும் அச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு."

கீழே உதிர்ந்திருந்த பழுப்புத் தூளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"எந்தக் கூறுகெட்ட ஜென்மம் கை வச்சுதோ!"

"உங்க பொண்ணுதான் மாமா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்கு, நிக்க முடியாம அதைப் பிடிச்சுக்கிட்டா."

அவர் மெதுவாகக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.