ஆட்டுக்கொட்டில் அறிக்கை

ஆடுகளின் கஷ்டத்தைக் கையை வீசி விளக்கிய வேகத்தில், கைப்பட எழுதிய அறிக்கை மேலேயே கோப்பியைக் கொட்டிவிட்டார் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஆட்டு நிபுணர் சேதுபதி. மாலைக்குள் ஆஸ்திரேலியப் பண்ணைக்கு அனுப்பியாக வேண்டும். அவர் சொல்லச் சொல்ல, மகன் ஆதவன் தட்டச்சு செய்தான்.

"இடம் நெருக்கடியானால் ஆடுகள் சரியாகத் தின்னாது, தூங்காது. குட்டிகளும் குறையும்."

ஆதவனின் விரல்கள் நின்றன.

"என்னடா முழிக்கிற? கல்யாணமாகி மூணு வருஷமாச்சு. டாக்டர்கிட்ட போனீங்களா இல்லையா? யாருக்கு என்ன குறை? எனக்குப் பயமா இருக்குடா."

ஆதவன் தலை குனிந்துகொண்டான். மருமகள் ரக்ஷனாதான் வாய் திறந்தாள்.

"யாருக்கும் ஒரு குறையும் இல்ல மாமா. நாங்க பதிவு பண்ணின ஈசூன் புது வீட்டுச் சாவி வரட்டும் லா. இங்க உங்க கட்டிலுக்கும் எங்க கட்டிலுக்கும் நடுவுல ஒரு துணித்திரைதானே இருக்கு!"