இதற்கு முன்னாடி ஏதாவது நோய் உண்டா?

குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு போட்டுக்கொடுக்க வந்திருந்த ஏஜெண்ட் ஞானசேகர், மாமியாரின் அக்கா மகன். அதுதான் வளர்மதிக்குப் பயமாக இருந்தது. அவன் காதில் விழுவது சொந்தத்தில் எல்லோர் காதிலும் விழும்.

“அண்ணிக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது நோய் உண்டா?”

“கல்லுக்குண்டாட்டம் இருக்கா. இல்லைன்னு போடு,” என்றாள் மாமியார்.

கல்யாணமான மறுவருஷம் வளர்மதிக்கு முதல் வலிப்பு வந்தபோதே, நாத்தனார் தேன்மொழியைக் கட்டிக்கொடுக்கும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று மாமியார் சொல்லிவைத்திருந்தாள். இப்போது தேன்மொழிக்கு வரன் கூடிவரும் நேரம். ஆனால் சர்க்கரையை மறைத்துக் காப்பீடு எடுத்த எதிர்வீட்டுக்காரருக்கு, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கம்பெனி கைவிரித்ததையும் வளர்மதி பார்த்திருந்தாள்.

“எனக்கு வலிப்பு இருக்கு. எழுதுங்க.”

ஞானசேகர் பேனாவை நிறுத்தினான். “எழுதினா அந்த நோய்க்குச் சில வருஷம் பணம் கிடைக்காது, அண்ணி. பிரீமியமும் கூடும்.”

“கூடட்டும். மறைச்சு வாங்கினா, படுத்துக் கிடக்கறப்போ கம்பெனி காலை வாரிவிட்டுடும்.”

“என் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போடறியேடி!” மாமியாரின் குரல் உடைந்தது. ஆனாலும் வளர்மதி எழுந்துபோகவில்லை.

சமையலறையிலிருந்து தேன்மொழி வந்தாள். அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்திருந்த அண்ணியின் மாத்திரை அட்டைகளை, ஒட்டியிருந்த தவிட்டை ஊதிவிட்டு, ஞானசேகர் முன்னால் வைத்தாள்.

“மருந்துப் பேரைச் சரியாப் பார்த்து எழுதுங்க, அண்ணே.”