போயிட்டு வரேன்

பெருங்குடலில் ஒரு சிறு புண். அதை வீங்கவைத்து ஆற்றுவதற்காக ஒரு நொதி வந்தது. புண்ணை ஒட்டிய செல்லின் வாசலில், வெளியே வரும் சேதியை வாங்கி உள்ளே சொல்லும் வளர்ச்சி ஏற்பி காவலுக்கு நின்றது. நொதியைக் கண்டதும் அது உள்ளே திரும்பி, "ஆள் வந்தாச்சு, வளருங்க" என்று குரல் கொடுத்தது.

நாலு நாளில் புண் ஆறியது.

"போயிட்டு வரேன்" என்றது நொதி.

"வாங்க" என்றது ஏற்பி, மரியாதைக்கு.

மறுநாள் காலையில் நொதி மறுபடியும் வாசலில் நின்றது.

"புண்தான் ஆறிடுச்சே?" என்றது ஏற்பி.

"நீங்கதானே வாங்கன்னு சொன்னீங்க."

வந்தவரை வெறுமனே அனுப்ப ஏற்பிக்கு மனம் வரவில்லை. உள்ளே திரும்பி, "வளருங்க" என்றது. தினமும் இதே கதைதான். ஒரு செல் இருந்த இடத்தில் கோடி செல்கள் முட்டி மோதின. புண் இருந்த இடத்தில் கட்டி உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் டாக்டரின் கத்தி வந்தது. கட்டியோடு இருவரும் பரிசோதனைக்கு அனுப்பும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போனார்கள். மூடியைத் திருகும்போது நொதி பழக்கதோஷத்தில், "அப்போ நான் போயிட்டு வரேன்" என்றது.

"இன்னிக்காவது போறேன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றது ஏற்பி.

நொதிக்கு முகம் வாடிவிட்டது.

"நல்ல நேரத்துல ஏங்க அபசகுனமாப் பேசறீங்க?"