தென்மூலைச் சோயா

பொன்னுருவி தன் கணவன் மருதப்பனை வயலின் தென்மூலையில் புதைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம்தான் ஊரெங்கும் எருவில் புது நொதியைக் கலந்து போட்டார்கள். மண்ணில் கரையாமல் கிடந்த சத்தையெல்லாம் அது கரைத்துச் செடிக்குக் கொடுத்தது. மற்ற இடங்களில் முழங்கால் உயரம் வளர்ந்த சோயா, தென்மூலையில் இடுப்புயரம் வளர்ந்தது.

அறுவடை முடிந்ததும் வேளாண் அலுவலர் வந்து மண்ணைச் சோதித்தார்.

“இந்த மூலைக்கு என்னக்கா போட்டீங்க? எலும்புத்தூள் கொட்டின மாதிரி மணிச்சத்து இவ்வளவு இருக்கு!”

அவர் போனதும், கணவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட எண்ணி மண்வெட்டியை எடுத்தாள். உச்சிவெயில்வரை தோண்டியும் ஓர் எலும்புகூட இல்லை. முறிந்த காலில் மருத்துவர் வைத்த எஃகுத் தகடு மட்டும் கிடைத்தது.

மறுநாள் அலுவலர் வந்தபோது அதைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் தலைகுனிந்து நின்றார்.

“ஊர்ப் பொதுச் சமையலுக்கு இந்த மூலைச் சோயாதான் வேணும்னு கேக்குறாங்கக்கா. வேண்டாம்னு சொல்லிடவா?”

“எதுக்கு சார்? கொண்டுபோய் ஆக்கிப் போடுங்க. உசுரோட இருந்தப்ப அவரு தொட்ட தண்ணியக்கூட குடிக்காத ஊரு. இப்பவாவது வயிறாரத் திங்கட்டும்.”