மூத்த கலயத்தின் சுண்ணாம்பு

நாடு முழுக்கக் கள்ளு கூடாது என்று சட்டம் வந்த புதுசு. ஒரு பனையில் ரெண்டு கலயங்கள் தொங்கின. கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவினால் பாளையில் வடிகிறது புளிக்காமல் பதநீராக இருக்கும், தடவாவிட்டால் கள்ளுதான். பனையேறி சுயம்பு, சின்னக் கலயத்துக்கு உள்ளெல்லாம் தடவியிருந்தான். மூத்த கலயத்துக்கு வாய் விளிம்பில் மட்டும் தடவிவிட்டுப் போயிருந்தான்.

பக்கத்துப் பனையடியில் கள்ளுக் கலயங்களை அதிகாரி தடியால் உடைக்கிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, அடுத்தது நான்தான்டி," என்று நடுங்கியது மூத்தது.

"அக்கா, பேசாம இரு. உன் வாய் என்னைவிட வெள்ளையா இருக்கு. உள்ளே எவன் எட்டிப் பார்க்கப் போறான்?"

அதிகாரி வந்து சுயம்புவைக் கூப்பிட்டு ரெண்டையும் இறக்கச் சொன்னார். விளிம்பைப் பார்த்தார். மூத்தது பக்கம் குனிந்து ஒரு மூச்சு நன்றாக இழுத்தார்.

"நல்ல பதநீர். மேலே கட்டுப்பா."

மறுநாள் தொப்பியில்லாமல் தனியாக வந்தார். சின்னதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூத்ததைத்தான் இறக்கச் சொல்லிக் கையில் வாங்கினார். போச்சு, உடைக்கப் போகிறார் என்று அது கண்ணை மூடிக்கொண்டது. அவரோ, ஊற்றிக் குடிக்க சுயம்பு ஓலைப்பட்டை மடிக்கிறவரைக்கும் பொறுக்காமல், கலயத்திலேயே வாய் வைத்து மடமடவென்று குடித்தார். நிமிர்ந்தபோது மீசையெல்லாம் வெள்ளை.

மேலேயிருந்து சின்னது சொன்னது:

"பயப்படாதேக்கா. அவர் வாயிலயும் சுண்ணாம்பு ஏறிடுச்சு. இனிமே அவரையும் யாரும் உடைக்க மாட்டாங்க."